ராணுவப் பதிவேட்டில் உங்கள் வீட்டார் பெயர் சரியாக இருக்கிறதா?



சென்ற ரமலானுக்கு முன் நம் ட்ரஸ்ட் அலுவலகத்துக்கு ஒரு தாயார் மகனுடன் வந்தார். கணவர் ராணுவத்தில் 15 ஆண்டுகளுக்கு மேல் இருந்து நாயக்காக ஓய்வு பெற்றவர். வஃபாத் ஆகி ஐந்து மாதம் ஆகியிருந்தது. அவர் இருந்தவரை மாதாமாதம் வந்த பென்ஷன் நின்றுவிட்டது. குடும்ப பென்ஷன் வரவில்லை. காரணம் கேட்டால், ராணுவப் பதிவில் மனைவி என்று எழுதியிருக்கும் பெயரும் இந்த அம்மாவின் ஆதாரில் உள்ள பெயரும் வேறு வேறு என்றார்கள். முன்பாதி ஒன்றுதான். பின்பாதியில் ராணுவம் ‘பேகம்’ என்று எழுதியிருந்தது, ஆதாரில் ‘பீவி’. பிறந்த தேதிக்கான கட்டம் காலியாகவே கிடந்தது.

“அத்தாவுக்கு இது தெரியுமா?” என்று மகனிடம் கேட்டோம். தெரியுமாம். ஈ.சி.எச்.எஸ். மருத்துவ அட்டை எடுக்கும்போதே ஒருவர் சொல்லியிருக்கிறார். “பார்த்துக்கலாம்” என்று வைத்துவிட்டார். அவர் மேல் குறை சொல்வதற்கில்லை. 1971 போரில் எல்லையில் நின்றவர். ஒரு எழுத்து தன் வீட்டாரைத் தெருவில் நிறுத்தும் என்று அவர் எப்படி நினைப்பார்?

அந்த அம்மாவுக்குப் பென்ஷன் வர மொத்தம் பதினான்கு மாதம் ஆனது. அல்ஹம்துலில்லாஹ், வஃபாத்துக்கு மறுநாளிலிருந்து கணக்கிட்டு நிலுவையும் சேர்ந்து வந்தது. ஆனால் அதற்குள் வளையல் அடகுக்குப் போயிருந்தது. நம்மிடம் வந்த நாளிலிருந்து மாதந்தோறும் அரிசியும் மருந்துச் செலவும் ட்ரஸ்ட்தான் கொடுத்தது. ஸகாத் நிதியிலிருந்து கொடுத்தோம். அரசு கொடுக்க வேண்டிய பணம் சரியான நேரத்தில் வந்திருந்தால் அந்த ஸகாத் வேறொரு வீட்டுக்குப் போயிருக்கும். அதனால்தான் இந்த இதழில் இதைப் பாடமாகவே எழுதுகிறோம். நம் கம்பம் பள்ளத்தாக்கில் ராணுவத்தில் இருந்து வந்தவர்கள் இல்லாத தெரு குறைவு. உங்கள் வீட்டில் இல்லாவிட்டாலும் பக்கத்து வீட்டில் இருப்பார்கள்; அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

பிழை எங்கே பிறக்கிறது

ஒரு சிப்பாய் சேரும்போதே அவருக்கென்று ஒரு சேவைப் பதிவு திறக்கப்படுகிறது. பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி, ஊர், உறவினர் விவரம் எல்லாம் அதில் ஏறும். பிறகு நிக்காஹ் நடந்தால், குழந்தை பிறந்தால், அவர் தன் யூனிட்டில் தெரிவிக்க வேண்டும். யூனிட் அதை ‘பார்ட் டூ ஆர்டர்’ என்ற உத்தரவாக வெளியிடும். அந்த உத்தரவு அவருடைய ரெஜிமென்ட் அல்லது கோரின் ரெக்கார்ட் ஆபீஸுக்குப் போய்ப் பதிவில் ஏறும். ஓய்வின்போது அந்தப் பதிவிலிருந்துதான் பென்ஷன் ஆணை, அதாவது பி.பி.ஓ., தயாராகிறது. ஆகவே பி.பி.ஓ.வில் மனைவி பெயர் தப்பாக இருந்தால், பெரும்பாலும் அந்தத் தப்பு முப்பது நாற்பது வருஷத்துக்கு முன் ஏதோ ஒரு பார்ட் டூ ஆர்டரிலேயே ஏறியிருக்கும். அல்லது அந்த ஆர்டரே வந்திருக்காது.

எப்படி ஏறியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பஞ்சாபிலோ அஸ்ஸாமிலோ ஒரு முகாம். எழுதுகிற கிளார்க்குக்குத் தமிழ் தெரியாது. நம் ஆள் வாயால் சொல்கிறார், அவர் காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதுகிறார். வடக்கே பேகம் என்பதுதான் பழக்கம், பீவி என்று சொன்னாலும் பேகம் என்று விழுந்துவிடும். ‘முஹம்மது’ என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுகிறார்கள் என்பது நமக்குத் தெரியும். ஓ போட்டு, யூ போட்டு, ஒரு எம், இரண்டு எம், கடைசியில் இ அல்லது ஏ. சிலர் எம்.டி. என்று சுருக்கிவிடுவார்கள். கம்ப்யூட்டருக்கு இவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஆள்.

இனிஷியல் இன்னொரு தொல்லை. தமிழ்நாட்டில் தகப்பனார் பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டுக்கொள்வோம். ராணுவத்தில் அந்த இனிஷியலை விரித்து எழுதச் சொன்னபோது, சிலருக்குத் தகப்பனார் பெயரே அவர்களுடைய பெயராகிவிட்டது. சிலருக்கு ஊர்ப்பெயர் ஒட்டிக்கொண்டது. ‘ராவுத்தர்’ என்பதை ஒரு ஆவணம் எழுதும், இன்னொன்று விடும்.

பெண்கள் பெயரில் நாமும் பொறுப்பாளிகள்தான். வீட்டில் கூப்பிடுவது ஒன்று, நிக்காஹ் தஃப்தரில் ஹஜ்ரத் எழுதியது ஒன்று, ரேஷன் கார்டில் ஒன்று, ஓட்டர் ஐ.டி.யில் ஒன்று. பீவி, பீ, பேகம், நாச்சி, அம்மாள் என்று பின்னால் சேர்ப்பதை நாம் பெயராகவே நினைப்பதில்லை, மரியாதைக்காகச் சேர்க்கிற சொல்லாக நினைக்கிறோம். அலுவலகம் அப்படி நினைக்காது. பிறந்த தேதி விஷயத்திலும் இப்படித்தான். பள்ளிக்கூடம் போகாத பெண்ணுக்கு ‘வயது 20’ என்று எழுதினார்கள். பிறகு ஆதார் எடுக்கும்போது யாரோ ஒருவர் மனம்போன ஒரு ஜனவரி 1 அல்லது ஜூலை 1 போட்டார்கள்.

இப்போது பென்ஷன் ‘ஸ்பர்ஷ்’ என்ற ஆன்லைன் அமைப்புக்கு மாறியிருக்கிறது. முன்பு வங்கி மேனேஜருக்கு அந்தக் குடும்பத்தைத் தெரியும், சில எழுத்து வித்தியாசங்களைக் கண்டுகொள்ளாமல் விட்டார். இப்போது ஆதார், பான், பென்ஷன் பதிவு மூன்றையும் இயந்திரம் ஒப்பிடுகிறது. புதிதாகப் பிழை வந்ததென்று பலர் புகார் சொல்கிறார்கள். பாதிப் பிழைகள் பழையவைதான், இப்போது வெளிச்சத்துக்கு வந்திருக்கின்றன.

முதலில் எது தப்பு என்று பாருங்கள்

இதை அழுத்திச் சொல்ல எங்களுக்குக் காரணம் இருக்கிறது. சில வருஷங்களுக்கு முன் ஒரு சுபேதாரின் குடும்பத்துக்கு உதவப் போய், நாங்களே தவறு செய்தோம். ஆதாரில் உள்ளபடி ராணுவப் பதிவை மாற்றித் தாருங்கள் என்று அஃபிடவிட் போட்டு அனுப்பிவிட்டோம். ராணுவப் பதிவில் இருந்த பெயர்தான் நிக்காஹ் தஃப்தரிலும் பள்ளிச் சான்றிதழிலும் இருந்தது. தப்பு ஆதாரில். மனு திரும்பி வந்தது, ஏழு மாதம் வீண். ஆதாரைத் திருத்தியிருந்தால் வேலை சில வாரங்களில் முடிந்திருக்கும். அந்தச் சகோதரரிடம் மன்னிப்புக் கேட்டோம்.

ஆகவே முதல் வேலை, எல்லாக் காகிதங்களையும் ஒரே பாயில் பரப்புவது. டிஸ்சார்ஜ் புத்தகம், பி.பி.ஓ., ஸ்பர்ஷில் உள்ள விவரத்தின் அச்சுப்பிரதி, ஈ.சி.எச்.எஸ். அட்டை, ஆதார், பான், வங்கிப் புத்தகம், மனைவியின் பள்ளிச் சான்றிதழ் இருந்தால் அது, நிக்காஹ் பதிவின் நகல், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள். ஒரு வெள்ளைத் தாளில் கோடு போட்டு, ஒவ்வொரு காகிதத்திலும் பெயர் எப்படி இருக்கிறது, தேதி என்ன என்று எழுத்து எழுத்தாக எழுதுங்கள். ஆங்கில எழுத்தைக் கூட்டி வாசிக்கத் தெரிந்த பேரப்பிள்ளையை உட்கார வையுங்கள். பெரியவர்கள் தெரிந்த பெயரை வாசிக்கும்போது கண் தானாகத் திருத்திக்கொள்ளும். பிள்ளைகள் உள்ளதை உள்ளபடி வாசிப்பார்கள்.

பெரும்பாலான காகிதங்கள் ஒத்துப்போய், ராணுவப் பதிவு மட்டும் தனித்து நின்றால் அங்கே போக வேண்டும். ஆதாரோ பானோ தனித்து நின்றால் அதைத் திருத்துவது சுலபம், அதையே செய்யுங்கள்.

அடுத்து, எழுத்துப் பிழை வேறு, பெயர் மாற்றம் வேறு. ஒரே பெயர் வேறு எழுத்தில் இருந்தால், அல்லது பேகம் பீவி போல் பின்பாதி மாறியிருந்தால், இரண்டும் ஒருவரையே குறிக்கும் என்று நீதித்துறை நடுவர் முன் சத்தியப் பிரமாணம் செய்து ஆவணங்களை இணைப்பதுதான் வழக்கம். பெயரே வேறாக இருந்தால், அல்லது பெயரை உண்மையாகவே மாற்றிக்கொண்டிருந்தால், தமிழ்நாடு அரசிதழில் வெளியிட்டு அதன் பிரதியைக் கேட்பார்கள். முதலாவது வகைக்குப் போய் அரசிதழ்ச் செலவு செய்ய வேண்டாம். ரெக்கார்ட் ஆபீஸ் என்ன கேட்கிறது என்று எழுத்தில் தெரிந்துகொண்டு செய்யுங்கள்.

மனு எங்கே போக வேண்டும்

ஓய்வூதியப் பணம் வருவது வங்கியில், ஆணை போடுவது பிரயாக்ராஜில் உள்ள பாதுகாப்புக் கணக்குத் துறையின் பென்ஷன் அலுவலகம். அதனால் பலர் அங்கே எழுதுகிறார்கள். தரைப்படைச் சிப்பாயின் பெயரோ குடும்ப விவரமோ மாறவேண்டுமென்றால் தொடக்கம் அவருடைய ரெக்கார்ட் ஆபீஸ்தான். மதராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரி வெலிங்டன். மதராஸ் என்ஜினியர் குரூப், ஏ.எஸ்.சி. என்றால் பெங்களூரு. பீரங்கிப் படைக்கு நாசிக் ரோடு, சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், ஈ.எம்.ஈ.க்குச் செகந்திராபாத். பலர் முதல் ஓய்வுக்குப் பிறகு டி.எஸ்.சி.யில் சேர்ந்து மறுபடி பணி செய்திருப்பார்கள். அதற்குப் பதிவு அலுவலகம் கண்ணூர். அப்படி இரண்டு பென்ஷன் வாங்குகிறவர்கள் இரண்டு இடத்திலும் திருத்த வேண்டும். ஒரு இடத்தில் திருத்திவிட்டு நிம்மதியாக இருந்து, மற்றதில் மாட்டிக்கொண்டவரை நாங்கள் பார்த்திருக்கிறோம். விமானப்படைக்கு டெல்லி சுப்ரதோ பார்க், கடற்படை மாலுமிகளுக்கு மும்பை.

மனு எழுதி முடித்ததும் நேரே தபாலில் போடாமல், மாவட்டத்திலுள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு எடுத்துப் போங்கள். அங்கே உதவி இயக்குநர் ஆவணங்களைச் சரிபார்த்து மேலொப்பம் இட்டு அனுப்பினால் ரெக்கார்ட் ஆபீஸில் அதற்கு மதிப்பு வேறு. அந்த அலுவலகத்துக்குப் போகக் கூச்சப்படுகிறவர்கள் நம்மில் இருக்கிறார்கள். அது உங்களுக்காகவே இருக்கிற அலுவலகம். டிசம்பர் 7 கொடி நாளுக்கு நாம் உண்டியலில் போடுகிற பணமும் உங்களைப் போன்றவர்களுக்காகத்தான்.

மனுவில் ராணுவ எண், பதவி, பெயர், சேர்ந்த தேதி, ஓய்வு தேதி, பி.பி.ஓ. எண் இருக்க வேண்டும். ஸ்பர்ஷுக்கு மாறியவர்களுக்குப் புது பி.பி.ஓ. எண் வந்திருக்கும், பழையது, புதியது இரண்டையும் எழுதுங்கள். ‘இப்படி உள்ளது, இப்படி இருக்க வேண்டும்’ என்று இரண்டே வரி போதும். நம் ஆட்கள் போரில் பட்ட கஷ்டத்தையெல்லாம் மூன்று பக்கம் எழுதுகிறார்கள். அது உண்மைதான், ஆனால் வாசிப்பவர் தேடுகிற வரி அதில் தொலைந்துபோகிறது. கணவன் மனைவி சேர்ந்து எடுத்த புகைப்படத்தையும் இணையுங்கள். ஹிஜாப் அணிந்திருக்கலாம், முகம் தெளிவாகத் தெரிய வேண்டும்.

ரெக்கார்ட் ஆபீஸ் ஏற்றுக்கொண்டால் பதிவைத் திருத்திப் பிரயாக்ராஜுக்குத் தெரிவிக்கும். அங்கிருந்து திருத்த பி.பி.ஓ. வரும், ஸ்பர்ஷிலும் மாறும். இந்தக் கடைசிப் படியைப் பார்க்காமல் ஃபைலை மூடாதீர்கள். ‘உங்கள் பதிவு திருத்தப்பட்டது’ என்று கடிதம் வந்ததும் இனிப்பு கொடுத்தவர் ஒருவர், திருத்த பி.பி.ஓ. வராததைக் கவனிக்க இன்னொரு வருஷம் ஆனது. செல்போன் எண், முகவரி போன்றவற்றை ஸ்பர்ஷில் நீங்களே, அல்லது பொது சேவை மையத்தில், மாற்றிக்கொள்ளலாம். அதற்கு வெலிங்டன் போக வேண்டியதில்லை.

பதிலே வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, என் சேவைப் பதிவில் குடும்ப விவரம் எப்படி உள்ளது, என் மனு எந்த நிலையில் உள்ளது என்று கேளுங்கள். பல சமயம் பதிலோடு பதிவின் நகலே வந்துவிடும். பிழை எந்த வருஷம் ஏறியது என்று அப்போதுதான் நமக்கே தெரியும். எல்லாம் முயன்றும் நியாயம் கிடைக்காதவர்களுக்கு 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னைக் கிளை இருக்கிறது. அங்கே போகும் அளவுக்கு நம் மஹல்லாவில் இதுவரை ஒரு விஷயம்தான் வந்தது, அதுவும் வேறு காரணத்துக்காக.

ஏன் அவர் உயிரோடு இருக்கும்போதே?

ஓய்வு பெற்றவர் தானே கையெழுத்திட்டு “இவர் என் மனைவி, பெயரை இப்படித் திருத்துங்கள்” என்றால் அதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை. அவர் போன பிறகு, அந்த மனைவி தான் மனைவிதான் என்று நிரூபிக்க வேண்டும். தாசில்தாரின் வாரிசுச் சான்றிதழ், சாட்சிகள், பழைய கடிதங்கள் என்று போகும். மேலே சொன்ன அம்மாவுக்காக 1974ஆம் வருஷத்து நிக்காஹ் தஃப்தரைப் பள்ளிவாசல் அலமாரியில் தேடினோம். பூச்சி அரித்த பக்கம். மணமகள் பெயரும் சாட்சிகள் வரியும் தப்பியிருந்தன. ஹஜ்ரத் நகல் எழுதி முத்திரை போட்டுக் கொடுத்தார், அதை ஆங்கிலத்தில் பெயர்த்து நோட்டரி கையெழுத்து வாங்கினோம். அந்தப் பக்கத்தையும் பூச்சி தின்றிருந்தால் என்ன செய்திருப்போம் என்று இப்போதும் யோசிக்கிறோம். பழைய தஃப்தர்களையெல்லாம் ஸ்கேன் செய்யும் வேலையை ஜமாஅத் அதன் பிறகுதான் தொடங்கியது.

2009ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் நமக்கும் பொருந்தும். நிக்காஹ் தஃப்தரில் எழுதியதோடு பலர் நின்றுவிடுகிறார்கள். இப்போது ராணுவத்தில் இருக்கிற நம் பிள்ளைகள் சார்பதிவாளர் அலுவலகத்திலும் பதிவு செய்துகொள்ளுங்கள். யூனிட்டில் பார்ட் டூ ஆர்டர் போட அந்தச் சான்றிதழ் போதும், ஆங்கில எழுத்தும் ஒரே மாதிரி அமையும்.

பணக்கணக்கையும் சொல்லிவிடுகிறோம். சாதாரணக் குடும்ப பென்ஷன் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். குறைந்தபட்சமே 9,000 ரூபாய், அதன்மேல் அகவிலைப்படி. பென்ஷன்தாரர் 67 வயதுக்கு முன் காலமானால் ஏழு ஆண்டு, அல்லது அவருக்கு 67 நிறைந்திருக்கும் நாள், இதில் எது முந்தியதோ அதுவரை கூடுதல் விகிதம் உண்டு. மனைவியின் பிறந்த தேதிக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்று கேட்பவர்களுக்கு: குடும்ப பென்ஷன் வாங்குபவருக்கு 80 வயது நிறைந்தால் 20 சதவீதம் கூடும். 85இல் 30, 90இல் 40, 95இல் 50, நூறு வயதில் முழுப் பங்கு. தேதிக் கட்டம் காலியாக இருந்தால் 80 எப்போது நிறைகிறது என்று இயந்திரத்துக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரிந்து ஒரு மூதாட்டி 84 வயதிலும் பழைய தொகையே வாங்கிக்கொண்டிருந்தார். வீட்டில் யாரும் கேட்கவில்லை.

பிள்ளைகள் விவரத்திலும் கவனம் தேவை. சம்பாதிக்க இயலாத மாற்றுத்திறனாளிப் பிள்ளை இருந்தால், தாய் தகப்பனுக்குப் பிறகு அந்தப் பிள்ளைக்கு வாழ்நாள் பென்ஷன் கிடைக்க வழி இருக்கிறது. மருத்துவச் சான்றிதழோடு அந்தப் பெயரை இப்போதே பதிவில் சேர்த்துவிடுங்கள். விதவையான, மணவிலக்கான மகளுக்கும் நிபந்தனைகளோடு உரிமை உண்டு. இங்கே நம் சமுதாயத்தில் ஒரு சிக்கல். தலாக், குலா ஆனதற்கு ஜமாஅத் கடிதத்தை மட்டும் வைத்திருக்கிறார்கள். தனியார் ஷரீஅத் கவுன்சில் தரும் குலா சான்றிதழ் செல்லாது, குடும்ப நீதிமன்றத்துக்குப் போக வேண்டும் என்று சென்னை உயர்நீதிமன்றம் 2023இல் சொல்லியிருக்கிறது. மணவிலக்கான மகளுக்குப் பென்ஷன் வேண்டுமானால் பெற்றோர் உயிருடன் இருக்கும்போதே மணவிலக்கு ஆகியிருக்க வேண்டும், அல்லது வழக்காவது தொடுத்திருக்க வேண்டும். ஆகவே தள்ளிப்போட வேண்டாம்.

ஒரு கேள்வி அடிக்கடி வருகிறது. குடும்ப பென்ஷனை வாரிசுகளுக்குப் பாகம் பிரிக்க வேண்டுமா? குடும்ப பென்ஷன் இறந்தவர் விட்டுப்போன சொத்து அல்ல, உயில் எழுதவும் முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1991இல் தீர்ப்பளித்தது. அது விதிப்படி உரியவருக்கு அரசு கொடுப்பது. அம்மாவின் பென்ஷனில் பங்கு கேட்டு வந்த இரண்டு மகன்களை இதைச் சொல்லித்தான் அனுப்பினோம்.

மாற்ற முடியாதது, மாற்றக் கூடாதது

சிப்பாயின் சொந்தப் பிறந்த தேதியை ஓய்வுக்குப் பிறகு மாற்றுவது நடக்காத காரியம். பணியில் சேர்ந்த சில ஆண்டுகளுக்குள் கேட்டிருக்க வேண்டும். காலம் கடந்து கேட்பதை ஏற்கக் கூடாது என்று 1993இல் ஹர்நாம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதையே இன்றும் சுட்டிக்காட்டுகிறார்கள். ஆதாரில் வேறு தேதி இருந்தால், சேவைப் பதிவை ஆதாரமாகக் காட்டி ஆதாரைத்தான் மாற்றிக்கொள்ள வேண்டும்.

80 வயதுக் கூடுதல் தொகையைக் கேள்விப்பட்டு, மனைவியின் வயதை ஆறு வருஷம் கூட்டி எழுதித் தரச் சொல்லி ஒருவர் எங்களிடம் வந்தார். நல்ல மனிதர், தொழுகையாளி. “யாருக்கு நஷ்டம், அரசாங்கம்தானே” என்றார். எழுத மறுத்தோம். நடுவர் முன் செய்வது சத்தியம். அதோடு, மூத்த மகனின் பிறப்புச் சான்றிதழோடு ஒப்பிட்டால் கணக்கு உடனே வெளிப்பட்டுவிடும், உண்மையான உரிமையும் சேர்ந்து போகும். மனவருத்தத்தோடு போனார். சில மாதம் ஸலாம் மட்டும்தான். இப்போது பேசுகிறார்.

டிஸ்சார்ஜ் புத்தகத்தைப் பத்திரமாக வையுங்கள். பென்ஷன் இல்லாமல் வெளியேறியவர்களின் ஆவணங்களை 25 ஆண்டுக்குப் பிறகு ராணுவமே அழித்துவிடும்; அவர்களுக்கு அந்தப் புத்தகம்தான் மிச்சம். லேமினேஷன் செய்யாதீர்கள், பிறகு அதில் எதையும் எழுத முடியாது.

வஃபாத் ஆன வீட்டாருக்கு ஒரு வார்த்தை. அந்தத் தாயார் இத்தாவில் நான்கு மாதம் பத்து நாள் இருப்பார், அலைய முடியாது. மகனோ மருமகனோ இறப்புச் சான்றிதழ் வாங்கி உடனே ஸ்பர்ஷில் தெரிவித்துவிடுங்கள். தெரிவிக்காமல் இருந்தால் இறந்தவர் பெயரில் பணம் வந்துகொண்டே இருக்கும், பிறகு அதைத் திரும்பப் பிடிப்பார்கள். ஆண்டுதோறும் கொடுக்க வேண்டிய உயிர்ச் சான்றிதழை இப்போது செல்போனில் முகத்தைக் காட்டியே வீட்டிலிருந்து கொடுக்கலாம். இதற்காக வயதானவர்களை ஆட்டோவில் ஏற்றி வங்கிக்குக் கூட்டிப்போக வேண்டாம்.

இன்ஷா அல்லாஹ், வரும் மாதம் முதல் ஒவ்வொரு ஞாயிறும் அஸருக்குப் பிறகு ட்ரஸ்ட் அலுவலகத்தில் காகிதங்களை ஒப்பிட்டுப் பார்த்துத் தருகிறோம். கட்டணம் கிடையாது. ஓய்வு பெற்ற ஹவில்தார் கிளார்க் ஒருவர் உதவ முன்வந்திருக்கிறார். மனுவை ஆங்கிலத்தில் எழுதித் தருவார். பெண்கள் வந்தால் தனி அறை உண்டு. நடக்க முடியாதவர்கள் சொல்லி அனுப்பினால் வீட்டுக்கு வருகிறோம். வரும்போது எல்லாவற்றுக்கும் நகல் கொண்டு வாருங்கள். டிஸ்சார்ஜ் புத்தகத்தின் அசலைக் காட்டிவிட்டு உங்கள் கையிலேயே திரும்ப எடுத்துப் போங்கள், எங்களிடம்கூடக் கொடுத்து வைக்க வேண்டாம்.